அட்டையில் இல்லாத வரி

அன்பு மகள் வாயாடிக்கு,

இது உன் அப்பா தன் கையாலேயே எழுதும் கடிதம். நம்பிக்கை வரவில்லை என்றால் எழுத்துகளைப் பார். எனக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் பேனாக்கடைக்காரர் எழுதியிருந்தால் வரிகள் இப்படி ஏறி இறங்குமா? கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். கோடு ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் சொல்கிறேன், இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் தரும் வேலை ஒன்று எனக்குக் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மனதில் இருப்பது தாளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மறுநாள் பார்த்தாலும் அங்கேயே இருக்கிறது.

கடிதம் எழுதுவதற்கென்று வகுப்பில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். ‘இங்கு அனைவரும் நலம்’ என்று தொடங்க வேண்டுமாம். அப்படித் தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். உன் அம்மாவுக்கு இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போவதை நிறுத்தவில்லை. சமையலறைக் கூரை ஒழுகுகிறது. கம்பெனி வீடு, கம்பெனிதான் பார்க்க வேண்டும். போய்ச் சொன்னால் எழுதி வைத்திருக்கிறோம் என்கிறார்கள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அதுவும் எல்லாவற்றுக்கும் இல்லை, உன் அம்மா திட்டுவது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு போனில் பேசும்போது நான் கதவருகே நிற்பது உனக்குத் தெரிந்திருக்கும். அவள் என்னிடம் போனைக் கொடுத்தால் உன் பக்கத்திலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வரும். பிறகு அதுவும் வராது. ஆறு வருடம். பேச ஆரம்பித்தால் வாயை மூட மாட்டாய் என்று உனக்கு அந்தப் பெயரை வைத்தவனே நான்தான். போனை வைத்துவிடுவது சுலபம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்தால்தான் உண்டு. கிழிப்பதாக இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டுக் கிழி. ஆலைமேல் நீ நடத்தும் வழக்குக்கு வேண்டிய ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். அது ஏன் ஆறு வருடம் தாமதமாக வருகிறது என்பதைச் சொல்லத்தான் மற்ற பக்கங்கள்.

இன்று இவ்வளவுதான். விரல் மரத்துப்போகிறது.

*

செவ்வாய்க்கிழமை.

போன மாதம் என்னை ஒரு மாநாட்டுக்கு அழைத்துப்போனார்கள். மக்கள் தொடர்புத் துறையின் ஆண்டு மாநாடு. சிரிக்காதே. உன் அப்பாவுக்கு அங்கே என்ன வேலை என்றுதான் உன் அம்மாவும் கேட்டாள். “பெத்த பொண்ணோட தொடர்பு இல்ல, மக்களோட தொடர்பா?” என்றாள். அவளுக்கு வாய் உன்னிடமிருந்து வந்ததா, உனக்கு அவளிடமிருந்து வந்ததா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்றவர்களுக்கு நம் அட்டைப்பெட்டி ஆலையில் எழுத்தறிவு வகுப்பு தொடங்கினார்கள். கேன்டீன் கூடத்தில், மதியம் இரண்டு மணிக்கு. நானும் சேர்ந்தேன். பதினோரு மாதத்தில் பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, தீப்பெட்டி, சுவரில் ஒட்டிய நோட்டீஸ் எதையும் விட்டுவைக்கவில்லை. இந்த வகுப்பைப் பற்றி ஊருக்குச் சொல்ல ஆலை ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருக்கிறது. அங்கிருந்து ஒரு அம்மா வருவாள். முப்பத்தைந்து வயது இருக்கும், வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். நான் அவளை விளம்பரக்கார அம்மா என்றேன். திருத்தினாள். “விளம்பரம் இல்லைங்க ஐயா. நம்மளப் பத்தி நாமளே சொன்னா அது விளம்பரம். நம்மளப் பத்தி அடுத்தவங்க நல்லதா சொல்ற மாதிரி செஞ்சா, அதுதான் மக்கள் தொடர்பு.” அன்றிலிருந்து அவளுக்குத் தொடர்பம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். நல்லவள்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் நல்லவள்தான்.

அவர்கள் செய்த பிரச்சாரத்துக்கு மாநாட்டில் விருது. விருது வாங்கும்போது மேடையில் நான் நிற்க வேண்டும், ஒரு அட்டையில் இருப்பதை வாசிக்க வேண்டும். பதினோரு மாதம் முன்னால் எழுத்தே தெரியாதவன் எழுநூறு பேருக்கு முன்னால் வாசிக்கப்போகிறான் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை தைத்துக்கொண்டேன்.

பெரிய ஓட்டல். எனக்கு ஒன்பதாவது மாடியில் அறை. கதவின் உள்பக்கம் ஒரு பலகை. அதில் இருந்த பன்னிரண்டு வரிகளையும் கட்டிலில் உட்கார்ந்து வாசித்தேன். தீப்பிடித்தால் லிப்டில் ஏறக்கூடாது என்று எழுதியிருந்தது. இரண்டு நாளும் நான் படியிலேயே ஏறி இறங்கினேன். தொடர்பம்மா கேட்டதற்கு, “தீ எப்ப வரும்னு யாருக்கும்மா தெரியும்?” என்றேன். உண்மையில் எனக்கு லிப்டைக் கண்டால் பயம். படிக்கத் தெரிந்தால் சாக்குச் சொல்லவும் வசதியாக இருக்கிறது. சாக்கு விஷயத்தில் நான் எப்போதும் கெட்டிக்காரன்தான். அதற்கு வருகிறேன்.

வாசலில் எல்லோருக்கும் கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள். மற்றவர்களுடையதை எல்லாம் வாசித்துக்கொண்டே போனேன். ஆலோசகர், இயக்குநர், மூத்த ஆலோசகர், முதன்மை இயக்குநர். என்னுடையதைத் திருப்பிப் பார்த்தேன். ‘பயனாளி’ என்று இருந்தது. அத்தனை பேர் கூடிய இடத்தில் பயன் அடைந்தவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.

சாப்பிடுகிற இடத்திலும் நிம்மதி இல்லை. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் முகவரிச் சீட்டு. நின்றுகொண்டே சாப்பிட்டு, நின்றுகொண்டே சீட்டுக் கொடுத்துக்கொள்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் மற்றவன் கழுத்து அட்டைக்குப் போகிறது. பெரிய ஆள் வந்தால் சின்ன ஆளிடம் பேசிய பேச்சு பாதியில் நிற்கிறது. என்னோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் ஒருவர், அந்த ஓட்டல் லாண்டரிக்காரர்.

*

புதன்கிழமை. அம்மா இன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வீடு அமைதியாக இருப்பதால் இரண்டு பக்கமாவது எழுதிவிடலாம்.

முதல் நாள் மதியம் ஒரு வகுப்பு நடந்தது. தலைப்பைத் திரையில் நானே வாசித்தேன்: ‘நெருக்கடியில் மன்னிப்பு’. மன்னிப்புக் கேட்க ஒரு வகுப்பா என்று ஆச்சரியப்பட்டு முன்வரிசை மேசையில் போய் உட்கார்ந்தேன். மேசைக்கு ஏழு பேர். நடத்தியவர் வழுக்கைத் தலை, வட்டக் கண்ணாடி, குரல் மட்டும் தேன் மாதிரி.

ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கற்பனைக் கணக்குக் கொடுத்தார். எங்கள் மேசைக்கு வந்தது: ஒரு பால் கம்பெனியின் பாலைக் குடித்து நாற்பது பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. பத்து நிமிடத்தில் கம்பெனி சார்பில் மன்னிப்பு எழுத வேண்டும். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். ஒருத்தி வாசித்தாள்: சில குடும்பங்களுக்கு ஏற்பட்ட சிரமம் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது, யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம். கண்ணாடிக்காரர் கைதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்க சாதாரண ஜனங்கள்ல ஒருத்தர். இதைக் கேட்டா உங்க கோபம் அடங்குமா?” என்றார்.

நான், “பாலைக் கெடுத்தது யாருங்க?” என்றேன்.

மேசை மொத்தமும் சிரித்தது. கண்ணாடிக்காரரும் சிரித்தார். “பாத்தீங்களா, ஜனங்க கேக்கற முதல் கேள்வி! நாம அதுக்கு மட்டும்தான் பதில் சொல்லக்கூடாது” என்று எல்லோருக்கும் சொன்னார். யார் செய்தது என்று சொல்லாதே. என்ன செய்தது என்பதைச் சிறியதாகச் சொல். எதிராளியின் வருத்தத்தைப் பற்றி நிறையப் பேசு. தெரிந்திருந்தது என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதே. தெரிந்திருந்தால் அது குற்றம், தெரியவில்லை என்றால் அது பரிதாபம். இதெல்லாம் திரையில் ஒவ்வொன்றாக வந்தது. என்னால் அவர் சொல்வதற்கு முன்பே வாசிக்க முடிந்தது. வாசிக்க வாசிக்க எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஏனென்றால் அந்த மன்னிப்பை நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். எழுதியது பேனாக்கடைக்காரர், சொன்னது நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் உனக்கு வந்ததே, அந்தக் கடிதம். எனக்கு அது மனப்பாடம். ‘நடந்தது நடந்துவிட்டது. அந்தத் தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாமல் கைநாட்டு வாங்கிவிட்டார்கள். உன் மனம் நொந்திருந்தால் அப்பாவை மன்னித்துவிடு.’ எந்த மாநாட்டுக்கும் போகாமல், எழுத்தும் தெரியாமல், கண்ணாடிக்காரர் சொன்ன அத்தனையும் அதில் செய்துவைத்திருக்கிறேன் பார். எனக்கும் மூத்த ஆலோசகர் என்று ஒரு அட்டை கொடுத்திருக்கலாம்.

அதற்கு நீ ஒரே வரி பதில் போட்டாய். கடைக்காரர் வாசித்தார்: ‘படிக்கத் தெரியாதவருக்குக் காதும் கேட்காதா அப்பா?’ அவருக்குப் புரியவில்லை. “பொண்ணு என்ன, உங்க காதைப் பத்தி விசாரிக்குது?” என்றார். ஆமாம், என் காது மந்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே சொன்னேன். அந்தத் தாள் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதும் வகுப்புப் புத்தகத்துக்கு வெளியே நான் வாசித்த முதல் வரி அதுதான். கடைக்காரர் வாசித்துக் கேட்டதைவிட, நானே வாசித்தபோது அது ரொம்ப நேரம் எடுத்தது.

*

வியாழன்.

இரண்டாம் நாள் விருது. காலையில் கூடத்துக்குள் நுழைந்தால் சுவரில் என் முகம். என்னைவிட உயரமாக இருந்தது. மூக்கில் இருக்கும் மரு கூடத் தெரிந்தது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. கீழே எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினேன்.

‘என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு தாளில் கைநாட்டு வைத்தேன். என் மகளை இழந்தேன். இனி எந்தத் தாளும் என்னை ஏமாற்ற முடியாது.’

இதைத் தொடர்பம்மா கற்பனை செய்யவில்லை. வகுப்பின் முதல் நாளில் ஏன் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டபோது நான் சொன்னதுதான். சொன்னபோது எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள், எனக்கு அது இதமாக இருந்தது. அடுத்த மாதமும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். எந்தத் தாள் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது எங்கள் ஆலையின் தாள்தான் என்று தெரியாமலே ஆலையின் பெரிய முதலாளி அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ செத்துப்போய்விட்டாய் என்று நினைத்து முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “இல்லம்மா, அவ நல்லா இருக்கா” என்றேன். “ஆமாங்க, எங்க இருந்தாலும் நல்லா இருப்பாங்க” என்று இன்னும் அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படத்தைப் பிடித்து இழுத்திருப்பேன். ஆனால் உயரத்தில் கட்டியிருந்தார்கள்.

மேடையில் ஏற்றினார்கள். அதே மூன்று வரிகள்தான் அட்டையிலும். நான் மைக்குக்கு முன்னால் நின்று ‘என்ன எழுதியிருக்கிறது என்று’ வரை வாசித்தேன். அடுத்த சொல் வரவில்லை. எழுத்துத் தெரியாமல் நிற்கவில்லை, எல்லா எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. வாய்தான் திறக்கவில்லை. கீழே ஒருவர், “பரவால்ல பெரியவரே, மெதுவா கூட்டிப் படிங்க!” என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் நின்றேன். இன்னும் தட்டினார்கள். வாசிக்காமல் நிற்பதற்கு இப்படி ஒரு கைதட்டல் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அப்போது தொடர்பம்மா பக்கத்தில் வந்து, என் தோளில் கையை வைத்து, மீதியை எனக்காக அவளே வாசித்துவிட்டாள். கண்ணாடியில் செய்த ஒரு விருதைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

இல்லை, இது பொய் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். மைக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. சொல்லவில்லை. நீ இதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்.

திரும்பும் வண்டியில் தொடர்பம்மா, “ஐயா, நம்ம பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்க. மாநாட்டுல நான் கத்துக்கிட்டது என்னன்னு. நீங்களே உங்க கையால எழுதினா ரொம்ப நல்லா இருக்கும்” என்றாள். அந்த ஒரு பக்கத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன். ‘மாநாட்டில் நான் கற்றுக்கொண்டது’ என்று மேலே எழுதிவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். நான் அங்கே கற்றுக்கொண்டதை அவள் பத்திரிகையில் போடமாட்டாள். போட வேண்டிய இடமும் அது இல்லை. அந்தத் தாளைத் திருப்பிப்போட்டுத்தான் உனக்கு எழுதத் தொடங்கினேன். இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்துக்குப் பின்னால் அந்தத் தலைப்பு இருக்கும், பார்.

*

வெள்ளி.

இப்போது உனக்கு வேண்டிய தாள். இதை வேறு தாளில், தேதி போட்டு, தனியாக எழுதியிருக்கிறேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

‘பெட்டி வெட்டும் பிரிவில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் வேலையில் இருந்தவன் நான். வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு கம்பிவலை உண்டு. வலை மூடியிருந்தால்தான் இயந்திரம் ஓடும், திறந்தால் நின்றுவிடும். ஒவ்வொரு அட்டைக்கும் திறந்து மூடினால் நாளுக்குச் சேர வேண்டிய எண்ணிக்கை சேராது. ஆகவே வலை மூடியிருப்பதாக இயந்திரம் நினைத்துக்கொள்ளும்படி, பக்கவாட்டில் உள்ள விசையைச் செப்புக் கம்பியால் கட்டிவிடுவோம். மேற்பார்வையாளர் சொல்லுவார், கட்டுவது நான். ஆய்வாளர் வரும் நாளில் அவிழ்ப்பதும் நான். என் மகளுடைய இயந்திரத்தில் அன்று காலை ஏழு மணிக்குக் கட்டியது நான். அவளுடைய வலது கையின் இரண்டு விரல்கள் பத்தேகால் மணிக்குப் போயின. வலைக்கு அடியில் அவளே கவனக்குறைவாகக் கையை விட்டாள் என்றும், விசை சரியாக இருந்தது என்றும் எழுதிய தாளில் சாட்சியாகக் கைநாட்டு வைத்தேன். ஆலை விதிப்படி எழுத்தர் அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். இரண்டு முறையும் எனக்குக் காது நன்றாகக் கேட்டது. அதில் இருந்தது பொய் என்று தெரிந்தே வைத்தேன். இதை எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்வேன்.’

இது நீதிமன்றத்துக்கு. அங்கே எழுதாத ஒன்று உனக்கு மட்டும்.

உன்னைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் வாசலுக்கு ஓடினார்கள். நான் உன் பின்னால் ஓடிவரவில்லை. இயந்திரத்தின் பக்கவாட்டில் குனிந்து அந்தக் கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போனது. நீ வாசலருகில் தலையைத் திருப்பிப் பார்த்தாய். என்னைப் பார்த்தாயா, இல்லை சும்மா திரும்பினாயா என்று ஆறு வருடமாக யோசிக்கிறேன். பார்த்தாய் என்றுதான் நினைக்கிறேன். மூன்று முறுக்குப் போட்டு நுனியை உள்பக்கம் மடக்குவது நான் ஒருவன்தான் என்று அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும், உனக்குத் தெரியாதா? ஆனால் விசாரணையில் நீ விசை கட்டியிருந்தது என்று மட்டும் சொன்னாய். யார் கட்டியது என்று மூன்று முறை கேட்டார்கள். வாயாடி வாயே திறக்கவில்லை. அப்பாவே சொல்வார் என்று நீ விட்டுவைத்த இடம் அது. அந்த இடத்தில்தான் நான் கட்டை விரலை வைத்தேன்.

கட்டியது நான் என்று வெளியே தெரிந்தால் ஜெயிலுக்குப் போவது நான்தான் என்று மேலாளர் சொன்னார். கம்பெனி வீடும் போய்விடும் என்றார். பயந்துவிட்டேன். பயம் ஒரு காரணம்தான், சாக்கு இல்லை. இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம் இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது.

*

திங்கள்.

கடிதம் இரண்டு நாள் நின்றுவிட்டது. காரணம் உன் அம்மா.

வெள்ளி மாலை, “ஒரு வாரமா எழுதறீங்களே, அப்படி என்னதான் எழுதறீங்க? எனக்கும் படிச்சுக் காட்டுங்க” என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவளுக்கும் இத்தனை நாள் நான் அந்தத் ‘தெரியாமல்’ கதையைத்தான் சொல்லிவைத்திருந்தேன். முழங்கால் வீக்கம், கூரை, ஓட்டல், லிப்ட் இதையெல்லாம் வாசித்துவிட்டு நடுவில் இரண்டு பக்கத்தைத் தாண்டியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு சுலபம். எழுத்துத் தெரியாத ஒருவருக்கு முன்னால் எழுத்துத் தெரிந்தவன் எவ்வளவு செய்யலாம் என்பது ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. பயமாக இருந்தது.

தாண்டவில்லை. எல்லாவற்றையும் வாசித்தேன். கம்பியை அவிழ்த்ததையும் வாசித்தேன்.

அவள் எழுந்துபோய் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள். சனி முழுக்கச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவள் திட்டாமல் இருந்த முதல் நாள் அது. காது இவ்வளவு நன்றாகக் கேட்டும் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஞாயிறு நீ போன் செய்தபோது, “முழங்கால் வலி, நாளைக்குப் பேசறேன்” என்று அவள் வைத்துவிட்டாள் அல்லவா? முழங்கால் இல்லை அது.

இன்று காலை டீயைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள். “அந்தத் தனித் தாளை எடுங்க” என்றாள். எடுத்தேன். “திரும்பப் படிங்க” என்றாள். படித்தேன். “இன்னொரு வாட்டி.” இன்னொரு முறை படித்தேன். ஆலையில் போலவே இரண்டு முறை. “வீட்டை விட்டு அனுப்புவாங்களா?” என்று கேட்டாள். அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்றேன். “ஒழுகற வீடுதானே” என்றாள். பிறகு வகுப்பில் கொடுத்த மைப்பெட்டியைத் தானே எடுத்துவந்து, கட்டை விரலைத் தோய்த்து, நான் கையெழுத்துப் போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அழுத்தி வைத்தாள். “நான் கேட்டுட்டுத்தான் வெச்சேன்னு அவளுக்கு எழுதுங்க” என்றாள்.

எழுதிவிட்டேன்.

இந்தத் தாளை வக்கீலிடம் கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். நகல் ஒன்று தொழிலாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போகிறது, அது உன் இஷ்டத்துக்காகக் காத்திருக்காது. இன்னொன்று தொடர்பம்மாவுக்கு, அவள் கேட்ட ஒரு பக்கமாக. கண்ணாடி விருதையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். வீட்டில் அதை வைக்க இடமும் இல்லை, அதன் மேல் உன் அம்மா பானை மூடியைச் சாய்த்து வைக்கிறாள்.

மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை. நீ கவனித்திருப்பாய். அது நான் கேட்டு வாங்குவது இல்லை.

உன் இடது கை எழுத்து எப்படி இருக்கிறது? அம்மா சொன்னாள், இப்போது அதில்தான் எழுதுகிறாயாம். என் எழுத்தும் கோணல்தான். திட்டி எழுத வேண்டும் என்று தோன்றினால் நிறையத் திட்டி எழுது, வாயாடி. எத்தனை பக்கம் என்றாலும் சரி. இனிமேல் இங்கே யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டியதில்லை. நானே உட்கார்ந்து, ஒரு எழுத்தையும் தாண்டாமல் வாசிப்பேன். வாசித்து முடித்ததும் உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவேன்.

உன் இரண்டு கைகளும் நன்றாக இருக்கட்டும்.

கம்பியைக் கட்டிய,
உன் அப்பா

(பக்கத்தில் இருப்பது உன் அம்மாவின் விரல். இந்தக் கடிதத்திலும் வைக்க வேண்டும் என்றாள்.)